புத்தகத்தைத் திரும்பத் திறக்க வைக்கும் வேலைகள் – வாசகர் கேள்வி பதில்

நாவல் வாசித்த மாணவர்களுக்கு வகுப்பறையில் என்னென்ன செயல்திட்டங்கள் கொடுக்கலாம் என்பது குறித்த ஐயங்களை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொங்குப் பகுதியின் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு, இப்பகுதி அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தி ஆசிரியை இங்கே விடை தருகிறார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாவலை முழுவதுமாக வாசிக்கக் கொடுத்தேன். அட்டைப்படம் வரைதல், கதைமாந்தருக்குக் கடிதம் எழுதுதல், முடிவை மாற்றி எழுதுதல் ஆகிய மூன்றையும் செயல்திட்டமாகக் கொடுத்தேன். எல்லோரும் ஆசையாகச் செய்து வந்தார்கள். ஆனால் கதையைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. குறை எங்கே இருக்கிறது?
– அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை, தாராபுரம் வட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் நிற்கும் இதே இடத்தில் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ஒருமுறை என் வகுப்பில் மிக அழகாக அட்டைப்படம் வரைந்து வந்த மாணவனிடம், படத்தில் இருக்கும் கிணற்றில் ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டேன். பக்கத்தில் உட்காரும் தோழன் சொன்ன கதையைக் கேட்டு வரைந்ததாக அவன் மறைக்காமல் சொன்னான். பிழை அவனுடையது அன்று. புத்தகத்தைத் திறக்காமலே செய்து முடிக்கக்கூடிய வேலையை நான்தான் கொடுத்திருந்தேன். அன்று முதல், எந்த வேலையைக் கொடுப்பதற்கு முன்பும் என்னையே ஒன்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்: நாவலைப் படிக்காத பிள்ளை இதைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் வேலையைத்தான் திருத்த வேண்டும், பிள்ளையை அல்ல.

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட், 1938-இல் வெளிவந்த தம் நூலிலிருந்தே, வாசகரும் பனுவலும் (அதாவது படிக்கும் நூலும்) சந்திக்கும் இடத்தில்தான் இலக்கிய அனுபவம் பிறக்கிறது என்று வலியுறுத்தி வந்தவர். வகுப்பறைகளில் இன்று நாம் செய்கிற இத்தகைய வேலைகளுக்கெல்லாம் அவருடைய சிந்தனை ஒரு முக்கியமான அடித்தளம். ஆனால் மாணவர் தமக்குத் தோன்றியதைச் சொல்லலாம் என்ற முற்பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, சொன்னதற்குப் பனுவலில் ஆதாரம் இருக்க வேண்டும் என்று அவர் அதே அழுத்தத்தோடு சொன்ன பிற்பாதியை விட்டுவிடுகிறோம்.

உங்கள் மூன்று வேலைகளையும் கைவிட வேண்டியதில்லை. சிறிது இறுக்கினால் போதும். அட்டைப்படத்தில் மனிதர்களே இருக்கக் கூடாது, நாவலில் குறைந்தது மூன்று இடங்களில் வருகிற ஒரு பொருள் மட்டும் இருக்க வேண்டும், அந்த மூன்று பக்க எண்களும் படத்தின் பின்புறம் எழுதப்பட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பொருளைத் தேடுவதற்காகவே பிள்ளைகள் நாவலை இரண்டாம் முறை புரட்டுவார்கள். கடிதத்தை மாணவர் கதைமாந்தருக்கு எழுதுவதை விட, ஒரு கதைமாந்தர் இன்னொருவருக்கு, குறிப்பிட்ட ஓர் அத்தியாயம் முடிந்த இரவில் எழுதுவதாக மாற்றுங்கள். அந்த இரவு வரை அவருக்குத் தெரிந்தது மட்டுமே கடிதத்தில் இருக்கலாம் என்ற கட்டுப்பாடு ஒன்றே போதும், யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதைப் பிள்ளைகள் தேடித் தேடிப் படிப்பார்கள். முடிவை மாற்றும் வேலையில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு. துயரமான முடிவைப் பிள்ளைகள் திருமணத்திலும் சமாதானத்திலும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள்; ஆசிரியர் ஏன் அப்படி முடித்தார் என்ற கேள்வி அத்துடன் மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே நாவலாசிரியர் சொல்லாமல் விட்ட ஒரு காட்சியை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கு எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலை வைத்திருக்கிறோம். எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. வாய்க்கால் பாசனமும் மஞ்சள் வயலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எப்படி நெருக்கமாக்குவது?
– ஆங்கில ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தனியாகக் கடலுக்குப் போய்ப் பெரிய மீனொன்றைப் பிடிக்கும் கிழட்டு மீனவர், கரை திரும்பும் வழியில் அதைச் சுறாக்களிடம் பறிகொடுப்பதுதான் கதை. 1952-இல் வெளிவந்த இந்தச் சிறிய நாவலை, அதன் தமிழாக்கத்தின் வழியாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் ஒருமுறை வாசித்திருக்கிறேன். காங்கேயம் பக்கத்து ஊர்ப் பள்ளி அது. சுற்றிலும் கிளுவை வேலியும் மேய்ச்சல் காடும்தான். கடலைப் பற்றிய ஒளிப்படங்களைக் காட்டி விளக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். படம் பார்த்தால் பார்த்த கணத்தோடு வேலை முடிந்துவிடும் என்று தோன்றியதால் அளவுகளின் பக்கம் திரும்பினேன். நாவலில் அளவுகள் தெளிவாக இருக்கின்றன. மீன் 18 அடி. படகை விட மீன் 2 அடி நீளம் என்பதால் படகு 16 அடி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே நாவலில் தேடிக் கண்டுபிடித்தார்கள், நான் சொல்லவில்லை.

பிறகு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, மைதானத்தின் சிமெண்டுத் தளத்தில் சுண்ணக்கட்டியால் முதலில் படகை வரைந்தோம். “ஏனுங் டீச்சர், இவ்வளவுதானா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கிழவர் தன்னந்தனியாகக் கடலுக்குள் கொண்டுபோன படகு எங்கள் வகுப்பறையின் அகலத்தைக்கூட எட்டவில்லை. பக்கத்திலேயே மீனை வரைந்தபோது பிள்ளைகளின் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மாணவன் படகுக்குள் போய் உட்கார்ந்து மீனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மீனின் எடை 1,500 பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று கிழவர் மதிப்பிடுகிறார். அதாவது ஏறத்தாழ 680 கிலோ, நன்கு வளர்ந்த காங்கேயம் காளையை விடக் கனம் என்று சொன்னபோது, காளை பூட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணுக்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

சுறாக்கள் வரும் பகுதியை அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றுகொண்டுதான் வாசித்தோம். ஒவ்வொரு சுறா வந்து போனதும், அது மீனின் எந்தப் பகுதியை எவ்வளவு தின்றது என்று பனுவலைப் பார்த்துச் சொல்லும் குழு, ஈரத்துணியால் அந்த அளவுக்கு மீனை அழிக்க வேண்டும். முதல் சுறா கொண்டுபோனது ஏறக்குறைய 40 பவுண்டு. அதற்குக் கையகல இடத்தை அழிப்பதா, முழ அகலத்தை அழிப்பதா என்று இரண்டு குழுக்கள் நெடுநேரம் வாதாடின. கடைசியில் தலையும் முதுகெலும்பும் வாலும் மட்டும் தளத்தில் எஞ்சின. மறுநாள் பெய்த மழையில் அவையும் கரைந்துபோயின. அந்த நாவலைப் பற்றி நான் கேள்வி எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகள்தாம் கேட்டார்கள்.

இன்னும் இரண்டு வேலைகள் உங்களுக்கு உதவலாம். கிழவர் மீன் கிடைக்காமல் 84 நாள்கள் திரும்பி வருகிறார். முதல் 40 நாள்களுக்குப் பிறகு, அவரோடு படகில் போய் வந்த சிறுவனை அவன் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பள்ளி திறக்கும் ஜூன் 1-ஐ முதல் நாளாகக் கொண்டு நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டு வந்தால், சிறுவன் பிரியும் நாள் ஜூலை 10-இலும், 84-ஆம் நாள் ஆகஸ்ட் 23-இலும் வரும். இரண்டரை மாதத்துக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவது என்பது என்ன என்று அந்த நாள்காட்டி சொல்லும். மற்றொன்று, தூண்டில் கயிறு உள்ளங்கையை அறுக்கும் பகுதியை வாசித்துவிட்டு, கயிறு கையை அறுத்த ஏதாவது ஒரு வேலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்வது. மாட்டைப் பிடித்து நிறுத்தியது, கிணற்றில் தண்ணீர் சேந்தியது, தறியில் இழை அறுத்தது என்று எங்கள் பிள்ளைகள் எழுதியவற்றில் கியூபா தேசத்து மீனவர் அந்நியராக இருக்கவில்லை.

கேள்வி: நாவலில் வரும் கிராமத்துப் பெண்ணின் நாட்குறிப்பை எழுதச் சொன்னபோது மாணவர்கள் முழுக்க முழுக்க நம் ஊர்ப் பேச்சில் எழுதினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பள்ளியிலோ, கொச்சைத் தமிழைப் பழக்குகிறீர்கள் என்று கண்டிக்கிறார்கள். யார் சரி?
– தமிழாசிரியர், பெருந்துறை

பதில்: பிள்ளைகள் சரி. பேச்சுத்தமிழ் கொச்சை அன்று. அது ஒரு வட்டாரத்தின் வழக்கு. ஆர். சண்முகசுந்தரம் தம் ‘நாகம்மாள்’ நாவலை வெளியிட்ட 1942-இலேயே கொங்கு மக்களின் பேச்சு நாவலுக்குள் வந்துவிட்டது. எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000-இல் நூலாகவே வெளிவந்திருக்கிறது. இவற்றை எடுத்துக்காட்டினால் தங்கள் பள்ளியில் எதிர்ப்புக் குறையும் என்று நம்புகிறேன்.

ஆனால் அவர்களுடைய அச்சத்தையும் நாம் மதிக்க வேண்டும், ஏனெனில் தேர்வில் பிள்ளைகள் எழுத்துத்தமிழில்தான் எழுதியாக வேண்டும். ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வரும் வேலையாக இதை மாற்றுங்கள். நாவலில் வரும் ஓர் உரையாடலைப் பாடநூல் தமிழில் பெயர்த்து எழுதச் சொல்லி, எது போய்விட்டது என்று கேளுங்கள். “பொழுதோட வர்றனுங்க” என்பதை ‘மாலையில் வருகிறேன்’ என்று எழுதிய மாணவி ஒருத்தி, நேரம் வந்துவிட்டது, மரியாதை வரவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தாள். அந்த ஒற்றை ‘ங்க’வில் பேசுபவர் யார், கேட்பவர் யார், இருவரில் யார் நிற்கிறார், யார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை அந்த வகுப்பு இலக்கணப் பாடம் இல்லாமலே கண்டுகொண்டது.

இதனோடு சேர்த்து ஒரு வகுப்பு அகராதியும் தொகுக்கலாம். இட்டேரி, பொடக்காளி (வீட்டின் பின்புறம்), ஒறம்பரை (உறவினர்), சாளை (குடிசை) போன்ற சொற்கள் நாவலில் வரும்போது, பிள்ளைகள் அவற்றை அப்புச்சியிடமும் ஆத்தாவிடமும் கேட்டுப் பொருள் எழுதி வரட்டும். இட்டேரி என்றால் பாதை என்று ஒருவன் எழுதி வந்தால் ஏற்காதீர்கள். இருபுறமும் வேலி அடைத்த காட்டுத்தடம் என்று எழுதி, அதில் வண்டி போகுமா, ஆடு மட்டும் போகுமா என்பதையும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு, கதையில் வரும் கிராமத்தை மாதிரியாகச் செய்து வரச் சொன்னார்கள். தெர்மாகோல், வண்ணத்தாள், பொம்மை மரங்கள் என்று 600 ரூபாய் ஆகிவிட்டது. இரவு பதினோரு மணிக்கு மேல் நானே உட்கார்ந்து ஒட்டினேன். இது படிப்பா?
– பனியன் நிறுவனத்தில் பணிபுரியும் தாய், திருப்பூர்

பதில்: இல்லை அம்மா. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து வந்தவர் ஒட்டிய மாதிரிக்கு மகள் பெயரில் மதிப்பெண் போடுவது, உங்களுக்கும் அவளுக்கும் செய்யும் அநீதி. கதை நடக்கும் ஊரைப் பயன்படுத்திய ஒரு தாளில் பென்சிலால் வரைபடமாக வரைந்து, வீட்டிலிருந்து கிணறு எந்தத் திசை, கதைமாந்தர் எந்த வழியாக நடந்துபோனார் என்று பக்க எண்ணோடு குறித்தால், செலவில்லாமல் இதை விடப் பலமடங்கு பயன் கிடைக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதை அமைதியாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: கடைக்குப் போகாமல் செய்ய முடியாத வேலையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு ‘நாகம்மாள்’ நாவலை நடத்துகிறேன். நீதிமன்ற விசாரணை போல நடத்தலாம் என்று முயன்றேன். திரைப்பட வழக்கறிஞர்களைப் போல உரத்துப் பேசினார்களே தவிர, நாவலுக்குள் போகவில்லை. வேறு வழி உண்டா?
– கல்லூரி விரிவுரையாளர், கரூர்

பதில்: விசாரணை என்றதும் குற்றவாளி யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது, அந்த நாவலோ அப்படிப்பட்ட கேள்விக்கு அடங்குவதில்லை. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு வாழ்கிறாள். தனக்குரிய நிலத்தைப் பங்கு பிரித்துக் கேட்கிறாள். சின்னப்பன் கொடியவன் அல்லன், நாகம்மாளும் பேராசைக்காரி அல்லள். ஊரில் தூண்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தூண்டுதல் இல்லாவிட்டாலும் அவள் கேள்வி நியாயமானதுதான். இந்தச் சிக்கலை மாணவர்கள் உணர வேண்டுமானால், அவர்களைப் பேச விடாமல் எழுத விடுவதே நல்லது என்பது என் கருத்து.

அவர்களை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொல்லுங்கள். ஊரில் பத்திரம் எழுதுபவர் ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்து, பழைய பத்திரங்களின் அமைப்பை விளக்கச் சொல்லலாம். எழுதிக்கொள்பவர்கள் யார், சொத்து விவரம் என்ன, நான்கு எல்லைகள் எவை, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, தடத்தில் யாருக்கு நடைபாத்தியம் (நடந்து போகும் உரிமை) என்று எழுதத் தொடங்கியதுமே, இவற்றில் எவையெல்லாம் நாவலில் சொல்லப்பட்டிருக்கின்றன, எவை சொல்லப்படவில்லை என்று தேட வேண்டியிருக்கும். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நாவலில் நாகம்மாள் பேசும் வரிகளையும், வலப்பக்கம் அதே கோரிக்கையைப் பத்திரத்தமிழிலும் எழுதட்டும். ‘காலஞ்சென்ற இன்னார் மனைவி’ என்று பத்திரம் அவளைக் குறிக்கும் இடத்தில் அவளுடைய கோபம், ரோசம், தனிமை எதற்கும் வலப்பக்கத்தில் இடமே இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால், அதுவே நல்ல திறனாய்வுக் கட்டுரையாக அமையும்.

சட்டப் பின்னணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டுக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் வாழ்நாள் உரிமை தந்த சட்டம் 1937-இல் வந்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. அடுத்த ஆண்டு இந்த நாவல் வெளிவருகிறது. கைம்பெண்ணுக்கு நிலத்தில் முழு உரிமை கிடைக்க 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகம்மாள் கேட்ட பங்கு அவள் காலத்துச் சட்டத்தில் எந்த அளவுக்கு நின்றிருக்கும் என்று மாணவர்கள் தேடிப் பார்க்கும்போது, அவள் குரல் ஏன் அவ்வளவு உரக்க இருந்தது என்பது புலப்படத் தொடங்கும்.

கேள்வி: ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவர்களைப் பற்றிய ‘கூளமாதாரி’ நாவலை வகுப்பில் காட்சிகளாக நடிக்க வைக்க விரும்புகிறேன். சாதி வருகிறதே என்று சக ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். வேண்டாம் என்று விட்டுவிடுவதா?
– பட்டதாரித் தமிழாசிரியர், நாமக்கல் மாவட்டம்

பதில்: நாவலை விட வேண்டாம், நடிப்பை விடுங்கள். 2000-இல் வெளிவந்த பெருமாள்முருகனின் இந்த நாவலில் கூளையன் தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவன், அவன் ஆடு மேய்ப்பது கவுண்டர் பண்ணையத்தில். உங்கள் வகுப்பில் இரு தரப்புப் பிள்ளைகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அடி வாங்கும் வேடத்தை யாருக்குக் கொடுத்தாலும், மணி அடித்த பிறகும் அந்த வேடம் அந்தப் பிள்ளையை விட்டுப் போகாது; விளையாட்டு மைதானத்தில் அதே பெயரால் கூப்பிடுவார்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் வேறொரு கதையை நடித்தபோது இப்படி நடந்து, ஒரு மாணவன் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

நடிப்புக்குப் பதிலாகக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். கூளையன் எப்போது எழுகிறான், என்ன சாப்பிடுகிறான், எத்தனை வேலை செய்கிறான், எப்போது விளையாடுகிறான், எங்கே படுக்கிறான் என்று ஒரு நாளின் பேரேட்டை நாவலிலிருந்து தொகுக்கட்டும். பக்கத்திலேயே தங்களுடைய ஒரு நாளை எழுதட்டும். சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தத் தாள் எல்லாவற்றையும் பேசிவிடும். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-இல் வந்தது என்பதைப் பேரேட்டின் அடியில் எழுதச் சொல்லலாம். இன்னொன்று, அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். கூளையன், நெடும்பன், செவிடி என்று உடலை வைத்து இட்ட பெயர்களாகவே இருக்கின்றன. யார் யாரை எந்தப் பெயரால், எந்த விகுதியோடு கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியலைத் தயாரிக்கும் குழு, நாவலின் உயிர்நிலையைத் தொட்டுவிடும். நண்பர்களாக அந்தப் பிள்ளைகள் காட்டில் அடிக்கும் கூத்தையும் வாசிக்க மறந்துவிடாதீர்கள். துயரத்தை மட்டும் எடுத்துக் காட்டினால் அந்தச் சிறுவர்களுக்கு நாம் செய்வது நியாயமாக இருக்காது.

கேள்வி: இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?
– உதவித் தலைமையாசிரியர், உடுமலைப்பேட்டை

பதில்: அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். பத்து மதிப்பெண் என்றால் ஐந்தை, மாணவர் காட்டும் பனுவல் ஆதாரத்துக்கு ஒதுக்குங்கள். மூன்றை, தம் முடிவுக்கு அவர் சொல்லும் காரணத்துக்கு ஒதுக்குங்கள். எஞ்சிய இரண்டு, வேலையை முடித்துத் தருவதற்கு. வரையத் தெரியாத பிள்ளையும் பத்துக்குப் பத்து வாங்க முடியும் என்பது வகுப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் 42 மாணவர்கள். நாவலின் பிரதி ஒன்றே ஒன்று. என்ன செய்வது?
– இடைநிலை ஆசிரியை, அந்தியூர்

பதில்: ஒரு பிரதி இருந்தால் உரக்க வாசியுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம், மதிய உணவு முடிந்து பிள்ளைகள் சோர்ந்திருக்கும் முதல் பாடவேளையில் வாசித்தால், 150 பக்க நாவல் ஒன்றை ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். கதையில் ஆள் மாறும்போது குரலை மாற்றி நடிக்க வேண்டியதில்லை. நிறுத்தி நிதானமாக வாசித்தாலே போதும். ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில், ஊர்ப் பெரியவர்கள் இருவர் மூவரிடம் கேட்டு, அதே நாவலின் ஐந்து பிரதிகள் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது ஒவ்வொரு பிரதியையும் நான்கு பகுதிகளாகப் பிரித்து, தடித்த அட்டை போட்டுச் சாக்கு ஊசியால் தைத்துவிடுங்கள். முதல் பகுதியைப் படித்து முடித்த பிள்ளை அடுத்த பகுதியை வாங்கிக்கொண்டு, முடித்ததைப் பின்னால் வருபவருக்குத் தருவார். பிரதிகள் ஓரிடத்திலும் தேங்காது. புத்தகத்தைப் பிரிப்பதற்கு முதலில் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அலமாரியில் பூட்டி வைத்த முழுப் பிரதியை விட, கைமாறிக் கைமாறி ஓரம் நைந்த பகுதிகளைப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வாசிக்கும்போது பிள்ளைகள் இடையிட்டுக் கேட்கும் கேள்விகளைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். “அவ ஏனுங் டீச்சர் அன்னைக்கே கேக்குல?” என்பது போன்ற கேள்விகள் அதில் நிறையச் சேரும். நாவல் முடிந்த பிறகு எந்தச் செயல்திட்டத்தைக் கொடுப்பது என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். அந்த நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.